ஒரே நாளில் பாலைவனச் சாலை விநோதங்கள்: கேபஸான் முதல் பாம்பே பீச் வரை

கான்கிரீட் டைனோசார், பெயிண்டால் ஆன மலை, குப்பையில் எழுந்த சிற்பத் தோட்டம், கடல் பின்வாங்கிப் போன பாம்பே பீச் என்ற கடற்கரை ஊர். நான்கும் தெற்கு கலிபோர்னியாவில் ஏறத்தாழ ஒரே தடத்தில் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், கோச்செல்லா தாண்டி 111-ஆம் எண் சாலையில் தெற்கே இறங்க வேண்டும். போக வர 380 முதல் 400 மைல். பாம் ஸ்பிரிங்ஸில் தங்கிக் கிளம்பினால் 220 மைலுக்குள் முடிந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் சரி.

வரைபடத்தில் எது முதலில் வருகிறதோ அதையே முதலில் பார்ப்பது என்று கிளம்புகிறவர்கள்தான் இந்தப் பயணத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். வெயில் ஏறும் நேரம், பெட்ரோல் கிடைக்கும் இடம், சூரியன் மறையும் நேரம் ஆகிய மூன்றை வைத்துத்தான் வரிசையைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் பாம்பே பீச்சைப் போகும்போது நிற்காமல் கடந்து, பெயிண்ட் மலையும் சிற்பத் தோட்டமும் இருக்கும் நைலண்ட் ஊர்ப் பக்கம் உள்ளதையெல்லாம் பார்த்துவிட்டு, திரும்பும்போது அங்கே வந்து நிற்பீர்கள். பாம்பே பீச், சால்டன் கடல் என்ற பெரிய உப்பு ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சூரியன் தண்ணீருக்கு மேலேதான் இறங்கும். அதே ஊர் காலை பத்து மணிக்கு வெறும் தூசியும் நாற்றமுமாகத் தெரியும்.

எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். பகலில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸை, தாண்டுவது அங்கே சாதாரணம். நிழல் கிடையாது. கடலின் அழுகல் வாடையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் திடீர் மழை வந்தால் காய்ந்து கிடக்கும் ஓடைகள் சில நிமிடங்களில் சாலைக்கு மேல் பாயும்.

ஏப்ரலில் போகிறவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். இண்டியோவில் கோச்செல்லா இசை விழா இரண்டு வார இறுதிகளிலும், அதையடுத்து ஸ்டேஜ்கோச் விழாவும் நடக்கும். அந்த நாள்களில் ஐ-10 நகராது, தங்குமிட வாடகையும் எங்கேயோ போய்விடும். மற்ற மாதங்களிலும் ஞாயிற்றுக்கிழமை மாலை லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் திரும்புவது தொல்லைதான். சனிக்கிழமை போங்கள். வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

காற்று முன்னறிவிப்பையும் முந்தைய இரவே பாருங்கள். மணிக்கு 25 மைலுக்கு மேல் காற்று என்று போட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்தி. சால்டன் கடல் வற்ற வற்ற வெளிப்பட்ட அடிமண்ணில் பல பத்தாண்டுகளாக வயல்களிலிருந்து வடிந்து வந்த உப்பும் வேதிப்பொருள்களும் படிந்திருக்கின்றன. காற்று அடித்தால் அவ்வளவும் மேலே கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்களைக் காற்று நாளில் அந்தக் கரைக்குக் கூட்டிப்போகக் கூடாது. மற்றவர்களும் என்-95 முகக்கவசம் ஆளுக்கொன்று வைத்திருங்கள்.

வண்டியில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர். நான்கு பேருக்குப் பதினாறு, அதற்கு மேல் கை கழுவவும் அவசரத்துக்கும் இன்னொரு நான்கு. கடையில் விற்கும் ஒரு கேலன் கேன் ஐந்து வாங்கினால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடும். இரண்டு சிறிய பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி முந்தைய இரவே உறைய வையுங்கள். மதியம் வரை குளிர்ந்த நீர் கிடைக்கும், உணவுப் பெட்டிக்குத் தனியாக ஐஸும் தேவைப்படாது.

டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் கிளம்பும் முன், ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். நூறு மைல் ஓடிய பிறகு நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். சூட்டில் காற்று விரிவதால் வருவது அது. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், மாலையில் டயர் குளிர்ந்ததும் காற்று குறைவாக இருக்கும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால்தான் டயர் சூடேறி வெடிக்கும்.

உபரி டயர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து ஒருமுறை கண்ணால் பாருங்கள். இப்போது வரும் பல கார்களில் அதற்குப் பதிலாக ஓட்டையடைக்கும் திரவமும் சிறு பம்பும் மட்டும்தான் இருக்கின்றன. ஆணி குத்தினால் அது போதும். பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது. சிற்பத் தோட்டம் இருக்கும் ஸ்லாப் சிட்டி என்ற குடியிருப்பின் மண்பாதைகளில் கம்பித் துண்டும் கண்ணாடியும் சர்வசாதாரணம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் 'தார்ச் சாலை அல்லாத இடத்தில் ஓட்டக் கூடாது' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் மண்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதே பத்திரம்.

பெட்ரோலை கோச்செல்லாவில் நிரப்பிவிடுங்கள், கடைசி வாய்ப்பு அதற்குத் தெற்கே உள்ள மெக்கா என்ற சிற்றூர். அதற்கப்புறம் கடற்கரையோரம் அறுபது மைலுக்கு எதையும் நம்பக் கூடாது. நைலண்டைத் தாண்டி கலிபாட்ரியா, பிராலி வரை போனால்தான் நிச்சயம். மின்சாரக் கார்க்காரர்களுக்கும் இதே விதி. கோச்செல்லா பக்கம் முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு, திரும்பி அங்கே வரும்வரை 150 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலும் சில: மூடிய காலணி (செருப்பு போதாது, ஏன் என்பது பின்னால் வரும்), தாடைப்பட்டி உள்ள தொப்பி, ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக முப்பது நாற்பது டாலர், கழிப்பறைத் தாள், குப்பைப் பை இரண்டு. ஸ்லாப் சிட்டியில் கைபேசிச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முந்தைய இரவே கைபேசியில் இறக்கி வைத்துவிடுங்கள். கைபேசியை முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் மாட்டினால் சூடாகி அணைந்துவிடும். ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டுங்கள்.

ஆவணம்

இதை நம்மவர்கள் பலர் யோசிப்பதே இல்லை. நைலண்டுக்கு வடக்கே 111-ஆம் சாலையில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. வடக்கு நோக்கித் திரும்பி வரும் வண்டிகளை நிறுத்துவார்கள். மெக்சிகோவுக்குள் காலே வைக்கவில்லை என்றாலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். கடலின் மறுகரையில் 86-ஆம் சாலையிலும் இப்படி ஒன்று உண்டு.

குடியுரிமை இல்லாத, 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் தங்கள் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பச்சை அட்டை உள்ளவர்கள் அந்த அட்டையையே கொண்டுபோங்கள். விசாவில் இருப்பவர்கள், மாணவர்கள், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மா எல்லோரும் அசல் பாஸ்போர்ட்டும் ஐ-94 எனும் நாட்டுக்குள் வந்த பதிவின் அச்சுப்படியும் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடு அனுப்பிவிடுவார்கள். கலிபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது என்று வண்டியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாவடி மத்திய அரசுடையது, மத்தியச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

டைனோசாரிலிருந்து தொடங்குங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் 90 மைல் கடந்து ஏழே முக்காலுக்குள் கேபஸான். மெயின் ஸ்ட்ரீட்டில் வெளியேறுங்கள், சாலைக்கு வடக்கே இரண்டு உருவங்களும் தலை நீட்டிக்கொண்டு தெரியும். நீளக் கழுத்து டின்னி 150 அடி நீளம், 45 அடி உயரம். பக்கத்தில் நிற்கும் மிஸ்டர் ரெக்ஸ் 65 அடி.

கட்டியவர் கிளாட் பெல். நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் சிற்பம் செய்தவர். அருகில் தனக்கு இருந்த வீல் இன் உணவகத்துக்கு நெடுஞ்சாலையிலிருந்து ஆளை இழுக்க வேண்டும் என்பதற்காக 1964-இல் டின்னியைத் தொடங்கி, 1975-இல் முடித்தார். ரெக்ஸ் எழுந்தது 1981-இல். ரெக்ஸின் வாலில் சறுக்கு மரம் ஒன்று வைத்து, பிறகு அதைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். உணவகம் இப்போது இல்லை, இடித்தாயிற்று. விளம்பரம் மட்டும் நிற்கிறது.

எட்டு மணிக்கு டின்னியின் வயிற்றுக்குள் இருக்கும் கடை திறந்திருக்காது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்க்கக் காசு கிடையாது, சுற்றுச்சுவருக்குள் உள்ள தோட்டத்துக்கும் ரெக்ஸின் வாய் வரை ஏறுவதற்கும்தான் கட்டணம். குழந்தைகள் அடம் பிடித்தால், பாம் ஸ்பிரிங்ஸில் இரவு தங்கி மறுநாள் திரும்பும் வழியில் ஏற்றிக்காட்டலாம். படம் எடுக்கும்போது ஆளை டின்னியின் காலடியில் நிறுத்தாதீர்கள். ஆளும் தெரியாது, டைனோசாரும் முழுதாக விழாது. நாற்பது அடி பின்னால் வந்து, ஆளை உங்கள் பக்கத்தில் நிறுத்தி எடுங்கள்.

கேபஸான் ஒரு மலைக்கணவாய்க்குள் இருக்கிறது. சுற்றிலும் காற்றாலைகள் சும்மா நட்டு வைக்கப்படவில்லை. கார்க் கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொண்டே திறங்கள், இல்லையென்றால் காற்று பிடுங்கிக் கீலை வளைத்துவிடும். இரண்டு பக்கக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் உள்ளே இருக்கும் காகிதமெல்லாம் பாலைவனத்துக்குப் போய்விடும்.

அரை மணி நேரம் போதும். எட்டேகாலுக்குக் கிளம்புங்கள்.

வழியில்

கோச்செல்லாவில் பெட்ரோல், கழிப்பறை இரண்டையும் முடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பேரீச்சம்பழத்தில் பெரும்பகுதி விளைவது இந்தப் பள்ளத்தாக்கில்தான். சாலையோரக் கடைகளில் கிடைக்கும் பேரீச்சை மில்க்‌ஷேக் திகட்டத் திகட்ட இனிக்கும். இரண்டு பேருக்கு ஒன்று வாங்கினால் சரியாக இருக்கும்.

மெக்காவைத் தாண்டி நார்த் ஷோர் பக்கம் வாழைப்பழத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. வாழைப்பழ வடிவத் தொலைபேசியிலிருந்து பொம்மை வரை இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் ஒரே அறையில். எல்லா நாளும் திறப்பதில்லை, காலையில் சீக்கிரமும் திறப்பதில்லை. கிளம்பும் முன் அவர்கள் அறிவிப்பைப் பார்த்து, மதியத்துக்கு மேல் திறந்திருந்தால் திரும்பும்போது எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அதற்குச் சற்றுத் தெற்கே மாநிலப் பொழுதுபோக்குப் பூங்கா வருகிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. ஒழுங்கான கழிப்பறைக்கு அதற்குப் பிறகு உத்தரவாதம் இல்லை என்பதால் அந்தக் காசு வீணல்ல.

சால்வேஷன் மவுண்டன்

பத்து, பத்தேகால் மணிக்கு நைலண்ட். ஊருக்குள் மெயின் ஸ்ட்ரீட்டில் கிழக்கே திரும்பித் தண்டவாளத்தைக் கடங்கள். அதே சாலை பீல் ரோடு என்று பெயர் மாறும். மூன்று மைல் போனால் பழுப்பு மண்ணுக்கு நடுவே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மலை தெரியும். தண்டவாளத்தில் சரக்கு ரயில் நின்றிருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், அவசரப்பட்டுப் பயனில்லை.

லெனார்ட் நைட் என்பவர் 'கடவுள் அன்பானவர்' என்று எழுதிய பெரிய வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட ஆண்டுக்கணக்காக முயன்று, துணி நைந்து தோற்றுப்போய், அதே வாசகத்தை மண்ணில் எழுதலாம் என்று 1984-இல் ஆரம்பித்தார். சிமெண்டையும் மணலையும் கலந்து எழுப்பிய முதல் மலை 1989-இல் சரிந்தது. சிமெண்டில் மணலை அதிகமாகச் சேர்த்ததால் அது பிடிக்கவில்லை. இரண்டாவது முறை அங்கேயே கிடைக்கும் களிமண்ணை வைக்கோலோடு பிசைந்து அப்பி, அதன் மேல் பெயிண்டை அடுக்கடுக்காகப் பூசினார். இப்போது நிற்பது அதுதான். 2014-இல் அவர் காலமானார், தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்கே கால் வைப்பது என்ற விதி இந்தக் கட்டுமானத்திலிருந்துதான் வருகிறது. மேலே தெரிவது பெயிண்ட் தோல். அது உடையாத வரை உள்ளே இருக்கும் களிமண்ணுக்குள் நீர் இறங்காது. உங்கள் குதிகால் அழுத்தி ஒரு விரிசல் விழுந்தால் அடுத்த மழையில் நீர் அதன் வழியே புகுந்து, அடியில் மண் கரைந்து, பெயிண்ட் மட்டும் மேலே ஓடு மாதிரி நிற்கும். அதில் அடுத்தவர் கால் வைத்ததும் பொத்தல் விழும். ஆகவே ஏறுவதற்கென்று மஞ்சள் பூசிய படிப்பாதையில் மட்டும் ஏறுங்கள். ஏறக் கூடாது என்று பலகையோ கயிறோ போட்டிருந்தால் கீழேயே நின்றுவிடுங்கள். மழை பெய்து இரண்டு மூன்று நாளைக்குள் போனால் மஞ்சள் பாதையிலும் ஏற வேண்டாம். குதிகால் உயர்ந்த காலணி, ஊன்றுகோலின் இரும்பு முனை, முக்காலியின் கூர்முனை மூன்றும் இங்கே ஆகாது.

மலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வலப்பக்கம் வைக்கோல் கட்டுகளும் களிமண்ணும் கொண்டு குகை போல ஒரு கூடம் கட்டியிருக்கிறார். கார் டயர்களை அடுக்கி, மண் பூசி, மரத்தண்டு ஆக்கியிருக்கிறார். பழைய கார்களின் கண்ணாடிகள்தான் சன்னல்கள். ஒரு தூணின் அருகே நின்று பாருங்கள்: பெயிண்ட் உரிந்த விளிம்பில் வெள்ளை, நீலம், வெள்ளை, பச்சை என்று விரல் தடிமனுக்கு அடுக்குகள் தெரியும், அதற்குக் கீழே வைக்கோல் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். விரல் வைத்து உரித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம்.

அனுமதி இலவசம். உண்டியலில் ஏதாவது போடுங்கள். வீட்டில் மிச்சமான, கெட்டியாகாத நீர்வகைப் பெயிண்ட் இருந்தால் எடுத்துப்போய்க் கொடுக்கலாமா என்று அங்கிருக்கும் தன்னார்வலரிடம் முதலில் கேளுங்கள். எண்ணெய்ப் பெயிண்ட் வேண்டாம்.

உச்சி வெயிலில் இந்த நிறங்கள் வெளுத்துப் போகும். படமெடுப்பதில் அக்கறை உள்ளவர்கள் பதினோரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை எழுத்து அதிகம் இருப்பதால் கைபேசிக் கேமரா குழம்பும். சிவப்புப் பகுதியைத் தொட்டுக் குவியம் வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் எழுத்தும் நிற்கும், நிறமும் நிற்கும்.

ஸ்லாப் சிட்டிக்குள் நடந்துகொள்ளும் முறை

மலையைத் தாண்டிப் போனால் ஸ்லாப் சிட்டி. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே கேம்ப் டன்லப் என்ற கடற்படைவீரர் பயிற்சி முகாம் இருந்தது. கட்டடங்களைப் பெயர்த்துக்கொண்டு போனபின் கான்கிரீட் தளங்கள் மட்டும் மிஞ்சின, பெயரும் அதிலிருந்து வந்ததுதான். குழாய்நீர், மின்கம்பி, சாக்கடை, குப்பை வண்டி எதுவும் இல்லை. ஆனாலும் ஆண்டு முழுவதும் ஆட்கள் வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் இன்னும் பலர் வந்து சேர்கிறார்கள்.

இது காட்சிசாலை அல்ல, குடியிருப்பு. டயர் வரிசையோ பலகையோ கயிறோ வைத்திருந்தால் அது ஒருவர் வீட்டு வேலி. அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. வண்டியை மணிக்குப் பத்து மைலுக்கு மேல் விடாதீர்கள், நீங்கள் கிளப்பும் தூசி அடுத்தவர் அடுப்பில் போய் விழும். ஆளையோ வீட்டையோ படமெடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். ட்ரோன் பறக்கவிட்டால் சண்டை நிச்சயம்.

கிழக்கே கோச்செல்லா கால்வாய் ஓடுகிறது. கான்கிரீட் சரிவில் வழுக்கி விழுந்தால் ஏற முடியாது, குளிக்க இறங்காதீர்கள். கால்வாய்க்கு அப்பால் இருப்பது ராணுவத்தின் குண்டுவீச்சுப் பயிற்சி நிலம். வெடிக்காத குண்டுகள் மண்ணில் கிடக்கின்றன. அந்தப் பக்கம் போகவே கூடாது. தூரத்தில் இடி மாதிரிச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், பயிற்சிதான்.

கடைசியில் வருவது ஈஸ்ட் ஜீசஸ். பெயரைப் பார்த்து மதச்சார்பான இடம் என்று நினைத்துவிடாதீர்கள், மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சார்லி ரஸ்ஸல் தொடங்கிவைத்த இந்தச் சிற்பத் தோட்டத்தில் எல்லாமே கழித்துப்போட்ட பொருள்கள். பழைய டிவிப் பெட்டிகளை அடுக்கி, திரையில் வாசகம் எழுதிய சுவர் ஒன்று இருக்கிறது. பாட்டில் சுவர், முழுவதும் ஒட்டுவேலை செய்த கார்கள் எல்லாம் உண்டு. பகல் வெளிச்சம் இருக்கும்வரை திறந்திருக்கும், நன்கொடைப் பெட்டி வாசலில். அங்கே வாழும் கலைஞர்களில் யாராவது ஓய்வாக இருந்தால் சுற்றிக்காட்டுவார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள், எது எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லாமல் பாதி புரியாது.

மூடிய காலணி வேண்டும் என்றது இங்கேதான். தரையில் ஆணி, தகரம், கண்ணாடிச் சில்லு. குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், துருப்பிடித்த விளிம்புகள் அவர்கள் கண் மட்டத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். இந்தப் பயணத்தில் குறைத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் வருந்துவது இந்த இடத்துக்குத்தான்.

மதியம்

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவதே நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வழியில் உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர அதிகம் தேறாது. வண்டியின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறதோ அந்தப் பக்கம் விரித்து உட்காருங்கள். கலிபாட்ரியா வரை ஒன்பது மைல் போனால் பெட்ரோல் உண்டு.

தலைவலி, குமட்டல், எரிச்சல் பேச்சு ஆகியவை யாருக்காவது வந்தால் வெயில் ஏறிவிட்டது என்று பொருள். ஏசியில் உட்கார வைத்து, உப்புச் சர்க்கரை கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பிடரியில் ஈரத்துணி போடுங்கள். பேச்சு குழறினாலோ நிலை தெரியாமல் போனாலோ 911.

நேரம் இருந்தால் டேவிஸ் ரோடும் ஷ்ரிம்ஃப் ரோடும் சந்திக்கும் இடத்தில் சேற்றுக் குமிழிகளைப் பார்க்கலாம். நிலத்தடியிலிருந்து வரும் கரியமில வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து ஆளுயரக் கூம்புகளாகக் குவிக்கிறது. கூம்பின் மேல் ஏறாதீர்கள், மேல்தட்டு காய்ந்திருக்கும், உள்ளே குழம்பு. மழைக்குப் பிறகு அங்கே வண்டியை விட்டால் சக்கரம் புதைந்துவிடும்.

பாம்பே பீச்

சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள். டிசம்பரில் 4.40 சுமாருக்கு மறையும், மார்ச் நடுவில் கடிகாரத்தை முன்தள்ளிய பிறகு ஏழை நெருங்கும். நைலண்டிலிருந்து 18 மைல், நடுவில் சோதனைச் சாவடியில் பத்து நிமிடம் போகலாம்.

1905-இல் கொலராடோ ஆறு பாசன வெட்டை உடைத்துக்கொண்டு பாய்ந்து, 1907-இல் அடைக்கும்வரை இந்தப் பள்ளத்தை நிரப்பியது. அப்படி உருவானதுதான் சால்டன் கடல். 1950, 60-களில் படகு, மீன்பிடி, விடுமுறைக் கூட்டம் என்று களைகட்டியது. வெளியே போக வழியில்லாத நீர், ஆவியாக ஆவியாக உப்பு ஏறி, மீன்கள் செத்து, கூட்டம் கலைந்தது. கடல்மட்டத்துக்கு 220 அடிக்கும் கீழே இருக்கும் இந்த ஊரில் இன்று சில நூறு பேர் வசிக்கிறார்கள். 2016-இல் தொடங்கிய பாம்பே பீச் பியனாலே என்ற கலை நிகழ்வுக்குப் பிறகு காலி வீடுகளும் காலி மனைகளும் கலைப்பொருளாக மாறிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஊருக்குள் சுற்றுங்கள். தெருக்கள் கட்டம் போட்டது போல நேராக இருப்பதால் தொலைந்துபோக முடியாது. துருப்பிடித்த கார்களைத் திரையை நோக்கி வரிசையாக நிறுத்தியிருக்கும் திறந்தவெளித் திரையரங்கைத் தேடிப் பிடியுங்கள். எது கலை, எது ஒருவருடைய கொல்லைப்புறம் என்று சந்தேகம் வந்தால் கொல்லைப்புறம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போக ஊருக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மண்கரையைத் தாண்ட வேண்டும். வண்டியை மண்கரைக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடங்கள். அப்பால் தரை கெட்டியாகத்தான் தெரியும். மேலே ஓர் அங்குல உப்புத் தட்டு, கீழே கருஞ்சேறு. மற்ற வண்டித் தடங்கள் இருப்பதைப் பார்த்து உள்ளே ஓட்டுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். முந்தைய வண்டி தட்டை உடைத்துவிட்டுப் போயிருக்கும், அடுத்தது நேராகச் சேற்றில் இறங்கும்.

மாட்டிவிட்டால் ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீர்கள். சுற்றச் சுற்ற அச்சு வரை இறங்கும். ஆட்களை இறக்கிவிட்டு, இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் நின்றபின் அவற்றின் முன்னும் பின்னும் சேற்றை வாரி எடுத்து, காருக்குள் விரித்திருக்கும் மிதியடிகளைச் சக்கரத்துக்கு அடியில் சொருகி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுக்க வேண்டும். கையில் பம்பு இருந்தால் மட்டும் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், தார்ச் சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். இழுவை வண்டி தூரத்திலிருந்துதான் வரும், கட்டணமும் அதற்கேற்ப இருக்கும்.

தூரத்திலிருந்து வெண்மணல் மாதிரித் தெரிவது மணல் இல்லை. குனிந்து பார்த்தால் கடற்சிப்பி ஒட்டுயிரிகளின் ஓடும் மீன் முள்ளும்தான். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நீரோரம் போகப் போகக் கால் உள்ளே இறங்கும். கணுக்கால் வரை போனதும் திரும்பிவிடுங்கள். கரையில் உள்ள சிற்பங்கள் காற்றிலும் உப்பிலும் சிதைந்து மாறிக்கொண்டே இருப்பவை. படத்தில் பார்த்து வந்த ஒன்று இல்லாமல் போயிருக்கலாம், புதிதாக வேறொன்று முளைத்திருக்கும்.

போரேகோ ஸ்பிரிங்ஸையும் சேர்த்தால் என்ன

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். கடலின் மறுபக்கம், சால்டன் சிட்டியிலிருந்து எஸ்-22 சாலையில் முப்பது மைலுக்குள் இருக்கிறது. டென்னிஸ் ஏவரி தன் சொந்த நிலத்தில் நிறுத்தச் சொல்ல, ரிக்கார்டோ பிரசேடா இரும்புத் தகட்டில் செய்த நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அங்கே உண்டு. சாலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழும் 350 அடி நாகம்தான் எல்லோரும் தேடிப்போவது.

ஒரே நாளில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பாம்பே பீச்சின் அந்தி போகும், அல்லது போரேகோவை இருட்டில் பார்ப்பீர்கள். அது தனி நாள். அதிகாலையிலோ மாலையிலோ போங்கள், நண்பகலில் தகடு தொட்டால் சுடும். கிறிஸ்மஸ் சர்க்கிள் ரவுண்டானாவிலிருந்து வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம் என்று பிரிந்து நிற்கும். ஊரில் வரைபடம் வாங்கிக்கொண்டு ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். வானத்தின் இருட்டைக் காப்பதற்காகச் சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஊர் அது. அமாவாசையை ஒட்டிப் போனால் இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டு வரலாம்.

திரும்பும்போது

111-ஆம் சாலையில் விளக்குகள் குறைவு, பல இடங்களில் இரண்டே தடம். எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசினால் வலப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். மணற்புயல் சூழ்ந்துவிட்டால் சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பி நேராக உங்கள் மேல் வந்து மோதுவார்.

காலணிகளைக் கழற்றித் தனிப் பையில் போட்டுக் கட்டுங்கள், அந்த வாடை இருக்கைத் துணியில் ஏறினால் வாரக்கணக்கில் போகாது. மறுநாளே வண்டியின் அடிப்பாகத்தை நீரடித்துக் கழுவுங்கள். மேலே பளபளப்பாக இருந்தாலும், சக்கர வளைவுக்குள் ஒட்டிய உப்புச் சேறு காய்ந்தபின் சாதாரணக் கழுவலில் வராது. கழுவுமிடத்தில் அடிப்பாகக் கழுவல் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.